வில்லியம் பில்லிங்சின் இசைத் தொகுப்பும் படைப்புரிமையும்

வட அமெரிக்காவில் இங்கிலாந்தினர் அமைத்த குடியேற்றங்களில், விவிலியச் சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவதே பியூரிட்டன் சபைகளின் வழிபாட்டு மரபாக இருந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் நினைவிலிருந்து பாடினர். நாளடைவில் மெட்டுகள் உருக்குலைந்தன. இதனைச் சீர்செய்ய 1720களில் பாடற்பள்ளிகள் தோன்றின. அப்பள்ளிகளே இசைத் தொகுப்புகளுக்குச் சந்தையாயின.

அச்சூழலில் உருவானவர் பாஸ்டன் நகரின் வில்லியம் பில்லிங்ஸ் (1746–1800). தோல் பதனிடுதல் அவர்தம் தொழில். 1770இல் வெளிவந்த ‘நியூ இங்கிலாந்து சாம் சிங்கர்’ நூற்றிருபதுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அனைத்தும் அவரே இசையமைத்தவை. அமெரிக்கர் ஒருவரின் இசையாக்கங்களை மட்டுமே கொண்டு அச்சேறிய முதல் தொகுப்பு இதுவேயாகும். முகப்புப் படத்தைச் செதுக்கியவர் பால் ரிவியர். உள்நாட்டுத் தாளிலேயே அச்சிட வேண்டுமெனப் பதினெட்டுத் திங்கள் வெளியீட்டைத் தள்ளிவைத்தார் பில்லிங்ஸ். இறக்குமதித் தாளின்மீது பிரித்தானியா வரி விதித்திருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ளின், இச்செயலின் அரசியற் பொருள் விளங்கும்.

தம் நூலைப் பிறர் அச்சிடாதிருக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டி அவர் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு விண்ணப்பித்தார். 1772இல் மன்றம் அதற்கிசைந்து சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் ஒப்பமிடவில்லை. இம்மறுப்பின் விளைவு கடுமையானது. 1778இல் வெளிவந்த ‘சிங்கிங் மாஸ்டர்ஸ் அசிஸ்டன்ட்’ பெரும்புகழ் பெற்றது. அதிலுள்ள ‘செஸ்டர்’ விடுதலைப் போர்க்காலத்தில் பரவலாகப் பாடப்பட்டது. ஆயினும் பிற தொகுப்பாளர்கள் அவருடைய பாடல்களை ஊதியமின்றி எடுத்தாண்டனர். 1783இல் மாசசூசெட்சும் 1790இல் நாடாளுமன்றமும் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியபோது, அவருடைய சிறந்த ஆக்கங்கள் பலவும் ஏற்கெனவே பொதுவுடைமை போலாகிவிட்டன. சுவையும் மாறியது, ஐரோப்பிய இசையிலக்கணம் கற்றோர் அவருடைய இசையைச் செப்பமற்றதெனக் கருதினர். 1794இல் ‘கான்டினென்டல் ஹார்மனி’ வெளிவந்ததும் அவருடைய வறுமையைத் துடைக்கும் முயற்சியாகவே எனலாம். 1800 செப்டம்பரில் அவர் மறைந்தார். கல்லறைக்கு அடையாளக் கல்லும் இல்லை.

எனினும், அவருக்கு வருவாயை மறுத்த அதே படியெடுப்புதான் அவருடைய இசையை நியூ இங்கிலாந்துக்கு அப்பால் கொண்டு சென்றது. வடகிழக்கில் அவர் ஏறத்தாழ மறக்கப்பட்ட பின்னரும் தென்மாநிலப் பாடற்கூட்டங்கள் அவரைப் பாடிவந்தன. 1844இல் வெளியான ‘சேக்ரட் ஹார்ப்’ தொகுப்பில் அவர் பாடல்கள் இடம்பெற்றுள்ளன.