கிணற்று நீரும் செத்தல் மிளகாயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு கோடையில் வெறும் தடமாகிவிடும். அங்கே பயிர்த்தொழில் கிணற்றை நம்பியது. பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஏடு படிந்தாற்போல நன்னீராகத் தங்குகின்றது. அந்த நீரைத் துலாவாலும் பட்டையாலும் இறைத்து, குழையும் சாணமும் தாழ்த்து, கோண்டாவில், இணுவில், உரும்பிராய் முதலிய ஊர்களின் செம்மண்ணைத் தோட்டமாக்கினர் கமக்காரர்.

மாணவர்களே, ஒரு நாடு தன் உணவைத் தானே விளைவித்தல் வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்லுதல் எளிது. அதனைச் செய்யப் புகுந்தபோது நேர்ந்தது யாது என்பதை இச்சிறு நிலத்தின் வரலாறு நமக்குக் காட்டும்.

முற்காலத்தில் இத்தோட்டங்களின் செல்வம் புகையிலை. அது திருவிதாங்கூர் வரை சென்று விலையானது. இலங்கைக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியும், கறிக்கு வேண்டிய செத்தல் மிளகாயும் வெங்காயமும் கடல் கடந்தே வந்தன. மலிவான சரக்குத் துறைமுகத்தில் வந்து குவியுமாயின், உள்ளூர்க் கமக்காரன் எதை நம்பி நடுவான்? 1960களில் அந்நியச் செலாவணி குறையத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தொடங்கின. 1970இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் அமைந்த அரசு அவற்றை மேலும் இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இனி உள்நாட்டிலேயே விளைய வேண்டும் என்றாயிற்று.

அக்காலத்தை யாழ்ப்பாணத்துக் கமக்காரர் இன்றும் மறந்திலர். கிணறுதோறும் நீரிறைக்கும் இயந்திரம் ஒலித்தது. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் மலைபோலக் குவிந்தது. லொறிகளிலும் புகைவண்டியிலும் மூட்டைகள் கொழும்பை நோக்கிச் சென்றன. படித்தும் வேலை கிட்டாத இளைஞர் வன்னியிலே விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்று மிளகாய் நட்டனர். மண்ணைக் கிண்டுதல் இழிவு என்றெண்ணிய மனப்பான்மை அவ்விளைஞரிடையே தளர்ந்தது. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர்.

ஆயினும் இக்கதைக்கு மற்றொரு பக்கம் உண்டு. அதை மறைத்தால் வரலாறு ஆகாது. அதே ஆண்டுகளில் நாடெங்கும் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அரிசி கொண்டு செல்லுதல் தடுக்கப்பட்டது. பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு விளைவித்து உண்ண ஒரு துண்டு வயலும் இல்லை. 1974இல் பசியால் அங்கே இறப்பு விகிதம் உயர்ந்தது. ஒரே கொள்கை ஒரு தமிழன் வீட்டில் கல்வீடு கட்டியது. மற்றொரு தமிழன் வீட்டில் அடுப்பை அணைத்தது. நிலமுடையோனை மட்டும் எண்ணி வகுக்கும் உணவுத் திட்டம் பாதித் திட்டமே.

1977இல் ஆட்சி மாறியது. திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு அவ்வாண்டின் இறுதியிலேயே சந்தையைத் திறந்துவிட்டது. பிறநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் வந்திறங்க, விலை வீழ்ந்தது. இயந்திரத்திற்கும் உரத்திற்கும் கடன்பட்டவர் கலங்கி நின்றனர். மதில் நின்ற காலத்திலேயே சேமிப்புக் களஞ்சியம், நல்விதை, விலையுறுதி, உழவர் தாமே நடத்தும் விற்பனைச் சங்கம் ஆகியவை உறுதியாக அமைந்திருந்தால், மதில் நீங்கிய பின்னும் அவர்கள் ஓரளவு நிலைத்திருப்பர். விலையைத் தாங்கியது மதில் ஒன்றே ஆதலால், அதனோடு விலையும் சரிந்தது.

பின்னர்ப் போர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது. 2014இல்தான் மீண்டும் வந்தது. எரிபொருளும் உரமும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் குடாநாட்டு மக்களின் கைக்கு எட்டிய உணவிற் பெரும்பங்கு அந்தச் செம்மண்ணும் சூழ்ந்த கடலும் தந்ததே. அப்போது கிணறு காத்தது. ஆனால் கிணற்றை நாம் காத்தோமா? அளவின்றி இறைத்த இடங்களில் உவர் ஏறிற்று. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று குடிநீரிற் கலந்தது. நன்னீர் ஏடு கெடுமாயின், மீண்டும் தெளிய நெடுங்காலம் ஆகும்.

2021ஆம் ஆண்டு இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. மண்ணைக் காக்கும் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆனால் கூட்டெருவும் பயிற்சியும் ஆயத்தமாகுமுன் வந்த ஆணையால் விளைச்சல் சரிந்தது. சில மாதங்களில் அத்தடை தளர்த்தப்பட்டது. 1977இல் கதவு ஒரே நாளில் திறந்தது. 2021இல் ஒரே நாளில் மூடியது. இருமுறையும் இழந்தவன் கமக்காரனே.

பயிருக்கு ஒரு பருவம் வேண்டும். கிணறு ஊற ஒரு மாரி வேண்டும். சந்தையும் சங்கமும் வேரூன்றப் பல ஆண்டுகள் வேண்டும். நாளை உங்களில் சிலர் அலுவலகங்களில் இருந்து ஆணைகள் எழுதுவீர்கள். எழுதுமுன், அவ்வாணையை நம்பி நாற்று நட்டவனையும், நடுவதற்கு நிலமே இல்லாதவனையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுங்கள்.