டாக்டர் கிரேவனும் ஒரு சூயிங் கம்மும்

ரெண்டு வாரமா எபிசோட் வரலை. காரணம், என் ஞானப்பல். பிடுங்கியாச்சு. வாயில பஞ்சைக் கடிச்சுக்கிட்டு மைக் முன்னாடி உட்கார முடியாதில்லையா.

பல் டாக்டர் எழுதிக்கொடுத்தது பாராசிட்டமால். கூடவே, "வலிக்குதுன்னு நீங்களா ஆஸ்பிரின் போட்டுறாதீங்க"ன்னு சொன்னாங்க. எங்க வீட்ல ஆஸ்பிரின் இருக்கு. ஸ்டென்ட் வெச்சதுல இருந்து அப்பா தினமும் போடுற குட்டி மாத்திரை. அவர் போடலாம், நான் போடக்கூடாதுன்னா என்ன கணக்கு?

1897-ல ஜெர்மனியில பேயர் கம்பெனி ஆய்வகத்துல சுத்தமான வடிவத்துல தயாரான நாள்ல இருந்து, ரொம்ப காலம் ஆஸ்பிரின்னா வலிக்கும் காய்ச்சலுக்கும்தான். 1940-கள்ல கலிஃபோர்னியாவின் கிளென்டேல் நகரத்துல லாரன்ஸ் கிரேவன்னு ஒரு டாக்டர், டான்சில் அறுவை சிகிச்சை செய்துகிட்டு இருந்தார். வலிக்கு ஆஸ்பிரின் கலந்த சூயிங் கம் கொடுப்பார். பேர் ஆஸ்பர்கம், கடையிலேயே கிடைக்கும். சிலருக்கு மட்டும் ரத்தம் நிற்கவே இல்லை. விசாரிச்சா, அவங்க சொன்ன அளவைத் தாண்டி அந்த கம்மை மென்னவங்க!

வேற யாராவதுன்னா "இனி கம் வேண்டாம்"னு எழுதிட்டு விட்டிருப்பாங்க. கிரேவன் அதைத் திருப்பிப் போட்டு யோசிச்சார். மாரடைப்புல ரத்தம் உறைஞ்சுதானே குழாய் அடைக்குது? அப்போ இதே மாத்திரை அதைத் தடுக்குமே! (நம்ம பாஷையில சொன்னா, பக்கையே ஃபீச்சராக்கிட்டார்.) 1950-ல கட்டுரையா வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத ஒரு குழு இல்லை, பத்திரிகையும் சின்னது. பெருசா யாரும் கண்டுக்கலை. 1957-ல அவரே மாரடைப்புல இறந்துட்டார்.

1971-ல லண்டன்ல ஜான் வேன், ஆஸ்பிரின் உடம்புல புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறதைத் தடுக்குதுன்னு காட்டினார். 1982-ல நோபல். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள்ல ஆஸ்பிரின் முடக்குற நொதி, அந்த அணு சாகிற வரைக்கும் முடங்கினதுதான். புது அணுக்கள் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஐபுபுரோஃபென் அப்படியில்லை. மருந்து வெளியேறினதும் நொதி திரும்ப வேலை செய்யும். ஆனா வயித்துப்புண், சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க அதையும் கேட்காம தொடக்கூடாது.

இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பா மெதுவா, "எனக்கும் ஒரு பல் எடுக்கணும்டா. அதான் மூணு நாளா அந்த மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.

"யாருப்பா நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. ரத்தம் நிக்காதாமே."

சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு இதய டாக்டருக்கு போன் போட்டேன். ஸ்டென்ட் வெச்சவர் தானா நிறுத்தினா அதுக்குள்ளேயே ரத்தம் உறையலாம், இன்னைக்கே போடச் சொல்லுங்கன்னார். பல்லை எடுக்கிற டாக்டர்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டோம். மாத்திரையை நிறுத்தாமலே பல் எடுத்தாங்க. ஒரு தையல், அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடிச்சார், ரத்தம் நின்னுடுச்சு.

என் கதை? 650 பாராசிட்டமால், ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. நடுவுல சளி பிடிச்சதுன்னு ஒரு மாத்திரை எடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தா அதுலயும் பாராசிட்டமால். திரும்ப டப்பாவுலயே வெச்சுட்டேன்.