தேநீர் கொண்டுவந்தவர்கள்

மலையேறியவர்கள் எழுதிய புத்தகங்களில் சிகரம் வருகிற அத்தியாயத்தைவிட, மூட்டை கட்டி நடக்கிற அத்தியாயங்களே எனக்குப் பிடிக்கும். சமையல் யார், கூலி எப்படி, ராத்திரி யார் எங்கே படுத்தார்கள் என்பதில்தான் கதை எழுதுகிறவனுக்குக் கண் போகிறது.

1953-ல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் கோஷ்டியையே பார்ப்போம். தலைவர் கர்னல் ஜான் ஹண்ட். புறப்படுமுன்பே ஒரு சங்கடம். காத்மாண்டுவில் துரைமார்களுக்குத் தூதரகத்துக்குள் படுக்கை கிடைத்தது. அவர்களோடு மலையேற வந்த ஷெர்ப்பாக்களுக்குக் கொட்டகைத் தரை, கக்கூஸ்கூடக் கிடையாது. மறுநாள் காலையில் அவர்கள் தூதரகத்துக்கு எதிரே ரோட்டிலேயே சிறுநீர் கழித்தார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் எழுதிய மனு என்றே அதைச் சொல்வேன்.

மார்ச் 10-ல் முதல் பகுதி கிளம்பிற்று. தெங்போச்சே மடம் வரையில் 17 நாள் நடை. சாமான் சுமக்க ஏறக்குறைய 350 பேர், ஆணும் பெண்ணுமாக. ஆளுக்கு 60 ராத்தல். மலைக்கிராமங்களில் நோட்டுச் செல்லாது என்பதால் கூலிப் பணமும் நாணயமாக, மூட்டையோடு மூட்டையாக நடந்தது! பாரம் முதுகில் இருந்தாலும் அதைத் தாங்குவது நெற்றியில் மாட்டிய பட்டைதான். கையில் ஒரு குட்டைக் கழி. மூச்சு வாங்க நிற்கும்போது அதை மூட்டைக்கு அடியில் முட்டுக் கொடுப்பார்கள். இறக்கி வைத்தால் மறுபடி ஏற்றுவது லேசா?

காலை ஐந்தரை மணி சுமாருக்குத் துரைமார்களின் கூடாரத்துக்குத் தேநீர் வரும். குடித்துவிட்டு நடக்க வேண்டியது. சமையற்காரர் தொண்டுப் முன்னாலேயே போய், இரண்டு மூன்று மணி நடைக்கு அப்பால் ஓர் ஓடையோரம் அடுப்பு மூட்டிக் காலை ஆகாரம் செய்து வைத்திருப்பார். அந்தத் தேநீரைப் போட எத்தனை மணிக்கு ஒருவன் எழுந்திருப்பான்? கூடாரத்துக்குள் படுத்தவர்கள் எழுதிய புத்தகத்தில் அதை ஏன் தேடவேண்டும்!

உயரம் கூடக் கூட அடுப்பு வேலையும் கூடும். 18,000 அடி உயரத்தில் தண்ணீர் 82 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் அரிசி வேகாது. பருப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை உருக்கவேண்டும். ஒரு பாத்திரம் நிறையப் பனியை அள்ளிப் போட்டால் அடியில் கொஞ்சம் நீர் தேறும். வறுத்த பார்லி மாவை ஷெர்ப்பாக்கள் நம்பியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை வேகவைக்க வேண்டாம். சூடான தேநீரில் பிசைந்தால் போதும்.

சுமார் 26,000 அடி உயரத்திலுள்ள தெற்குக் கணவாயை அந்த வருஷம் முதலில் எட்டியவர்கள் இருவர்: வில்பிரிட் நாய்ஸும், அனுல்லு என்ற ஷெர்ப்பாவும். தேதி மே 21. மறுநாள் சுமைகளோடு மற்ற ஷெர்ப்பாக்கள் வந்து சேர்ந்தார்கள். ஹில்லாரியையும் டென்ஸிங்கையும் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் அறிவார்கள். அனுல்லுவை எத்தனை பேர் அறிவார்கள்?

மே 28 இரவு, சுமார் 27,900 அடியில் கடைசிக் கூடாரம். உள்ளே ஹில்லாரியும் டென்ஸிங்கும் மட்டும். ஹில்லாரி பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். விடியும்போது அது இரும்பாக இறுகிக் கிடந்தது. டென்ஸிங் கழற்றவே இல்லை. அன்று காலை வெளியிலிருந்து தேநீர் கொண்டுவர யாருமில்லை. இருவருமே பனியை உருக்கிக் குடித்தார்கள். பிறகு ஹில்லாரி ஸ்டவ்வின் முன் உட்கார்ந்து பூட்ஸை வாட்டத் தொடங்கினார். அது இளகப் பெரும்பொழுது ஆயிற்று. ஆறரை மணிக்குத்தான் கிளம்பினார்கள்.