சங்கிலித் தொட்டியும் மூன்று லிட்டரும்

போன மாசியில் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்டினோம். மனைவிக்கு முழங்கால் வலி. பழைய இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கமோடு வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் ஆர்க்கிடெக்டாக இருக்கும் மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, 2019-ல் நீங்க பட்ட பாடு மறந்துபோச்சா? தண்ணியே தேவைப்படாத உலர் கழிப்பறைன்னு ஒண்ணு இருக்கு. அதைக் கட்டிடலாம்."

2019 மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். லாரிக்காரருக்குப் போன் போட்டுப் போட்டே என் கட்டைவிரல் தேய்ந்தது. ஆனாலும் "உலர் கழிப்பறை" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. மகளுக்குக் கோபமாகவே பதில் சொல்லிவிட்டேன். காரணத்தை அப்போது சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் நான் வளர்ந்த வீட்டில் கொல்லைக் கடைசியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. பின்பக்கச் சந்து வழியாக ஒரு அம்மா தினமும் காலையில் தகரமும் வாளியுமாக வருவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள், நல்ல சித்திரை வெயில், குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டி சொம்பை உயரத் தூக்கி ஊற்ற, அவர் கையேந்திக் குடித்தார். பாட்டி கெட்டவள் இல்லை, தீபாவளிக்குப் புடவை கொடுப்பாள். அதையும் தள்ளி நின்று போடுவாள். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

1964-ல் அப்பா கடன் வாங்கி செப்டிக் டேங்க் கட்டி "ஃப்ளஷ் அவுட்" வைத்தார். சுவரில் உயரே இரும்புத் தொட்டி, தொங்கும் சங்கிலி. அதை இழுப்பதற்கென்றே தெருப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா சந்துக்குள் வருவது நின்றது. பிறகு அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்பதையும் நாங்கள் விசாரிக்கவில்லை. அரசாங்கம் சட்டம் போட்டு அந்த வேலையைத் தடை செய்தது 1993-ல். அந்தச் சட்டம் தடை செய்த கழிப்பிடத்துக்கும் "உலர்" என்றுதான் பெயர்!

அந்தச் சங்கிலித் தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். தண்ணீரை வாரி இறைக்கும் பண்டம் என்றுதானே நாம் அதை நினைக்கிறோம்? இங்கிலாந்தில் அதற்கு வைத்திருந்த பெயரே "வாட்டர் வேஸ்ட் பிரிவென்டர்", அதாவது தண்ணீர் வீணாவதைத் தடுப்பது. லண்டனில் 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் வளைகுழாய் வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். (தாமஸ் கிராப்பர்தான் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை.) அந்தக் கால வால்வுகள் ஒழுகும், சிலர் கைப்பிடியைக் கட்டிவைத்து நாள் முழுக்க ஓடவிடுவார்களாம். 1871-ல் லண்டன் பெருநகரத் தண்ணீர்ச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகள் ஒரு தடவைக்கு இரண்டு காலன், நம் கணக்கில் சுமார் 9 லிட்டர், அதற்கு மேல் கூடாது என்றன. அதற்கு வாகாக அமைந்ததுதான் சைபன் தொட்டி. சங்கிலியை இழுத்தால் உள்ளே தண்ணீர் வளைவைத் தாண்டி ஏறி, தானே முழுவதும் இழுத்துக்கொண்டு போய்விடும். அடியில் தேய்ந்துபோக ரப்பரே கிடையாது. அதனால் பேசினுக்குள் ஒழுகவும் ஒழுகாது.

அமெரிக்காக்காரர்கள் 1992-ல் சட்டம் போட்டு 1994 முதல் 6 லிட்டருக்கு இறங்கினார்கள். தொட்டியைச் சிறிதாக்கியவர்கள் பீங்கானின் வடிவத்தைச் சரியாக மாற்றவில்லை. முதலில் வந்தவற்றில் பல சரியாகப் போகாமல், ஜனங்கள் இரண்டு மூன்று முறை அழுத்தினார்கள். நம் ஊர் பிந்தேஷ்வர் பாடக் 1970-ல் ஆரம்பித்த சுலப் இயக்கம் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. பேசினின் சரிவை அதிகமாக்கி, நீர்ப் பூட்டை 20 மில்லிமீட்டராகக் குறைத்து, ஒன்றரை இரண்டு லிட்டர் கையால் ஊற்றினாலே போதும் என்று செய்துவிட்டார்கள். அதுவும் மலம் அள்ளுகிறவர்களை அந்த வேலையிலிருந்து விடுவிப்பதற்காக.

இரட்டைப் பொத்தான் ஆஸ்திரேலியச் சரக்கு. கரோமா கம்பெனியில் புரூஸ் தாம்சன் என்பவர் 1980-ல் செய்தது, அப்போது 11 லிட்டரும் ஐந்தரையும். இன்று நம் கடைகளில் 6-ம் 3-ம் கிடைக்கிறது.

மகள் சொன்னது என் பாட்டி வீட்டுக் கக்கூஸ் இல்லை என்பதும் படித்த பிறகு புரிந்தது. முசிறிப் பக்கம் கட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி: இரண்டு அறை, சிறுநீர் தனியே போகும், மேலே சாம்பல் தூவ வேண்டும், நிரம்பிய அறையை மாதக்கணக்கில் மூடி வைத்தால் எருவாகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுபது தாண்டிய நாங்கள் இருவரும் அந்த எருவை வெட்டி எடுக்கப்போவதில்லை. கூலிக்கு ஆள் கூப்பிடுவோம். யார் வருவார்? அதைக் கேட்டதும் மகளும் சற்று நேரம் பேசவில்லை.

ஆகவே இரட்டைப் பொத்தான் கமோடு வாங்கினோம். கடைக்காரர் பீங்கானின் பளபளப்பையே காட்டிக்கொண்டிருந்தார். லிட்டர் எவ்வளவு என்றால் கேட்லாக்கைத் தேடினார். இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து முறை, பழைய பத்து லிட்டர் தொட்டியில் நாளைக்கு 100 லிட்டர். இப்போது ஆளுக்கு ஒரு பெரியது, நாலு சிறியது என்றால் 36. மிச்சம் மூன்று வாளிக்கு மேல். குழாய் நுனிகளில் ஏரேட்டர் மாட்டியாயிற்று. ஷவர் வேண்டாம் என்றுவிட்டேன், வாளியும் சொம்பும் போதும்.

புதுத் தொட்டிகளில் அடியில் ரப்பர் உண்டு, நாளடைவில் ஒழுகும். தொட்டிக்குள் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால் கமோடு மஞ்சளாகிறதா என்று தெரிந்துவிடும். பிளம்பர் சிரித்தார், ஆனால் நின்று பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. மனைவிக்கு மட்டும் ஒரு குறை: சின்னப் பொத்தான் ரொம்பக் கெட்டியாக இருக்கிறதாம், பெரியதைத்தான் அழுத்த வருகிறதாம். நாளைக்கு அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.