ஏரிக்கரை மத்ரஸா: தில்லி ஹவுஸ் காஸில் ஒரு நடை

தில்லிக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் ஜாமிஆ மஸ்ஜித், குதுப் மினார், நிஸாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் தர்கா ஆகிய மூன்றையும் கண்டு, நேரமிருப்பின் செங்கோட்டையையும் எட்டிப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவர். தென் தில்லியில், ஓர் ஏரியின் கரையில், அறுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு மத்ரஸாவின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன என்பதை அறிந்தோர் மிகக் குறைவு. சென்ற குளிர்காலத்தில் நம்மிடம் ஓதும் மாணவர் சிலரோடு அங்கே செல்லும் வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அளித்தான். அல்ஹம்துலில்லாஹ்.

அவ்விடத்தின் பெயர் ஹவுஸ் காஸ். இதிலுள்ள ‘ஹவுஸ்’ நமக்குப் புதிய சொல்லன்று. பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து ஒளுச் செய்கிறோமே, அந்த ஹவ்ளுதான் அது. அரபுச் சொல் ஒன்றே. பாரசீகம் பேசியோர் நாவில் ஹவுஸ் ஆயிற்று, நம்மிடம் ஹவ்ளு ஆயிற்று. ‘காஸ்’ என்றால் அரசருக்குரியது, தனிச்சிறப்புடையது. அரச ஏரி என்று கொள்ளலாம்.

கிரீன் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மான் பூங்கா நடக்கும் தொலைவிலேயே இருக்கிறது. பாதை சமமானது, மர நிழல் உண்டு. முதியோரும் குழந்தைகளும் களைப்பின்றி நடக்கலாம். மரங்களுக்கிடையே முதலில் கண்ணில் படுவது பாக்-இ-ஆலம் கும்பத் எனும் கல்லறை மாடம். சிக்கந்தர் லோதியின் ஆட்சியில், 1501 இல் கட்டப்பட்டது. அதனருகே தொழுகைக்குரிய கிப்லாச் சுவர் மட்டும் கொண்ட சிறு பள்ளி, கூரை இல்லை. நம் ஊர் ஈத்காவை நினைவூட்டும் அமைப்பு. அதையும் மான்களின் வேலியையும் கடந்து சற்று நடந்தால் நீர்ப்பரப்பு தெரிகிறது. ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. காலையில் ஓடுவோரும், குழந்தை வண்டி தள்ளுவோரும், வாத்துகளை வேடிக்கை பார்ப்போரும் அங்கே நிறைந்திருந்தனர்.

அந்தக் கரையில் நின்று எதிரே பார்த்தால் மத்ரஸா தெரியும். நீருக்கு மேல் உயர்ந்த கற்சுவர், அடுக்கடுக்கான வளைவுகள், மூலையில் ஒரு கும்பம். அருகில் நின்ற ஒருவர் தம் பிள்ளைகளிடம் அதைக் கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் மாணவர் ஒருவர் திருத்தப் போனார், நாம் தடுத்துவிட்டோம். தடுத்தது சரிதானா என்று இப்போதும் தெளிவில்லை.

ஏரியை வெட்டியவர் சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி. மங்கோலியப் படையெடுப்புகளின் காலத்தில் அவர் எழுப்பிய சிரி நகரத்துக்குக் குடிநீர் வேண்டியிருந்தது. மேட்டு நிலத்திலிருந்து வழிந்தோடும் மழைநீரைத் தேக்க நகரத்துக்கு மேற்கே இதை அமைத்தார். ஏறத்தாழ 700 மீட்டர் நீளமும் 600 மீட்டர் அகலமும் கொண்டிருந்ததாம். இன்றைய ஏரி அதில் ஒரு சிறு பங்கே. பூங்காவுக்குள் முண்டா கும்பத் என்று மேல்மாடம் இழந்த ஒரு கட்டடம் இருக்கிறது. பழைய ஏரியின் நடுவே நின்ற மண்டபம் அது என்று கருதுகின்றனர். இன்று அதனருகே நாம் புல்லில் நடந்து போகிறோம்.

1334 இல் தில்லி வந்த இப்னு பதூதா இந்த ஏரியைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். கரையைச் சுற்றி நாற்பது மண்டபங்கள் இருந்தனவாம். பாடகரும் இசைவாணரும் குடியிருந்த தரப்-ஆபாத் என்னும் குடியிருப்பும், அவர்களுக்கெனக் கடைவீதியும் பள்ளிவாசல்களும் இருந்தனவாம். ரமளானில் அங்கே வாழ்ந்த பாடற்பெண்கள் இமாமின் பின்னே ஜமாஅத்தாகத் தராவீஹ் தொழுவதாகக் கேள்விப்பட்டு அவர் எழுதியிருக்கிறார். இதை மாணவரிடம் சொன்னபோது சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஃபிக்ஹ் கேள்விகள் வந்தன. அவற்றுக்கு விடை சொன்னோம். எனினும் அப்பெண்கள் தொழ வந்தார்கள், அவர்களுக்கு இமாம் நின்றார் என்ற செய்தியை அவர்கள் அறிய வேண்டும் என்றே அதைக் கூறினோம்.

அலாவுத்தீனுக்குப் பின் ஏரி தூர்ந்தது. ஃபிரோஸ் ஷா துக்ளக் 1351 இல் ஆட்சிக்கு வந்தபோது ஏரிக்குள் மக்கள் பயிர் செய்துகொண்டிருந்தனர். கிணறு தோண்டி அந்நீரை விற்றுக்கொண்டும் இருந்தனர். ‘ஃபுதூஹாத்-இ-ஃபிரோஸ் ஷாஹி’ எனும் தம் குறிப்பில் சுல்தானே இதைப் பதிந்திருக்கிறார். அவர் ஏரியைத் தூர்வாரினார். ஆண்டுதோறும் மீண்டும் நிரம்பும்படி செய்தார். அக்குறிப்பைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். தாம் புதிதாகக் கட்டியவற்றை மட்டும் அவர் பெருமையாக எண்ணவில்லை. முன்னோர் கட்டியவற்றைச் செப்பனிட்ட கணக்கையும் விரிவாகத் தருகிறார். இல்துத்மிஷின் மத்ரஸா, அலாவுத்தீனின் கல்லறை, மின்னல் தாக்கிய குதுப் மினார் எல்லாம் அப்பட்டியலில் வருகின்றன. பழைய தர்மச் சொத்துக்களின் வருவாயை மீண்டும் அவ்வவற்றின் பராமரிப்புக்கே ஒழுங்கு செய்ததாகவும் கூறுகிறார். வக்ஃபு என்பதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்குச் செல்வர் எப்போதும் கிடைப்பர். ஓட்டை அடைக்கவும் சேறு வாரவும் பணம் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஜமாஅத் நிர்வாகத்தில் இருந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குறிப்பு முழுவதையும் நாம் புகழ முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னைய ஆட்சிகளில் நிகழ்ந்த உறுப்புச் சிதைப்பு முதலான கொடுந்தண்டனைகளை நிறுத்தியதாக எழுதும் அதே கை, கோயில்களை இடித்ததையும் மாற்றுக் கொள்கையினரைத் தண்டித்ததையும் எழுதுகிறது. மாணவர்களிடம் நாம் இரண்டையும் சொன்னோம்.

தூர்வாரிய ஏரியின் கிழக்கு, தெற்குக் கரைகளை ஒட்டி 1352 இல் ஃபிரோஸ் ஷா மத்ரஸாவை எழுப்பினார். பூங்காவிலிருந்து வெளியே வந்து ஹவுஸ் காஸ் கிராமத்தின் குறுகிய தெரு வழியே, உணவகங்களையும் துணிக்கடைகளையும் தாண்டிச் சென்றால் அதன் வாயில் வரும். உள்ளே புல்வெளியில் சிறு மண்டபங்கள் நிற்கின்றன. சிலவற்றில் கப்ருகள் உள்ளன. இங்கு ஓதிக்கொடுத்த ஆலிம்களுடையவை என்பர். வடகோடியில் பள்ளிவாசல். தில்லிக்குக் கிப்லா மேற்கு, ஏரியும் மேற்கே. ஆதலால் கிப்லாச் சுவரின் திறப்புகள் வழியே நீர் தெரிகிறது. இப்படியொரு பள்ளியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பள்ளியிலிருந்து தெற்கே நீளும் கட்டடமே மத்ரஸா. தரை மட்டத்தில் தூண்கள் தாங்கும் கூடங்கள்; அவற்றின் கீழே ஏரி நோக்கிய தளத்தில் சிற்றறைகள். படிகள் செங்குத்தானவை; முழங்கால் நோயுள்ளோர் மேலேயே இருந்துவிடுவது நல்லது. ஹதீஸ், தஃப்ஸீர், ஃபிக்ஹ் ஆகியவை இங்கு ஓதிக்கொடுக்கப்பட்டன. தலைமை ஆசிரியராக இருந்தவர் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி. (கவிஞர் மௌலானா ரூமி அல்லர், அவர் 1273 இலேயே மறைந்துவிட்டார்.) முதஹ்ஹர் என்ற கவிஞர் இங்கு வந்து, ஷீராஸ், யமன், திமிஷ்கு ஆகிய ஊர்களின் விரிப்புகளையும் பரிமாறப்பட்ட இறைச்சி வகைகளையும் வியந்து பாடியிருக்கிறார். இதைக் கேட்ட நம் பிள்ளைகளின் முகங்கள் மாறின. நம் மத்ரஸாவின் வியாழக்கிழமைச் சாம்பார் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

ஓர் அறைக்குள் குனிந்து நுழைந்தோம். இருவர் படுத்தால் மூன்றாமவருக்கு இடமில்லை. சுவரில் ஒரு சிறு மாடம். “ஹஜ்ரத், இது விளக்கு வைக்கவா, கிதாபு வைக்கவா?” என்று ஒரு பிள்ளை கேட்டான். இரண்டும்தான் இருக்கும் என்றோம். அவன் தன் கைப்பேசியை அதில் வைத்துப் பார்த்துச் சிரித்தான். பின்னர் எவரும் சொல்லாமலேயே அங்கு அமர்ந்து, மனனமாயிருந்த ஒரு பாடத்தை மெல்ல ஓதினர். கல்லில் ஒலி திரும்பி வந்தது. சில நிமிடங்கள்தாம், வேறு பார்வையாளர் வந்ததும் எழுந்துவிட்டோம்.

இரு கட்டடங்களும் சேரும் மூலையில் ஃபிரோஸ் ஷாவின் கல்லறை. 1388 இல் அவர் மறைந்து பத்தே ஆண்டுகளில், 1398 டிசம்பரில், தில்லிப் படையை வென்ற தைமூர் இதே ஏரிக்கரையில் பாளையம் இறங்கினார். ஏரியின் பரப்பையும், நகர மக்கள் ஆண்டு முழுவதும் அதன் நீரை உண்டதையும் அவரது வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அந்த மக்களுக்கு நேர்ந்ததோ படுகொலை. நீரை வியந்தவரும் முஸ்லிம், அதைக் குடித்தோரில் பலரும் முஸ்லிம்கள். அதன்பின் தில்லி நெடுங்காலம் தலைநிமிரவில்லை. 1507 வாக்கில் சிக்கந்தர் லோதி இக்கல்லறையைச் செப்பனிட்டார். வாயிலின் மேல் அதற்கான கல்வெட்டு உண்டு. பிறர் கட்டடங்களைச் செப்பனிட்டவரின் கல்லறையைச் செப்பனிட ஒருவர் வந்தார். மத்ரஸாவுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

ஏரியும் பிற்காலத்தில் வற்றிக் கிடந்தது. மழைநீர் வந்த வழிகளெல்லாம் வீடுகளும் சாலைகளும் ஆகிவிட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வசந்த் குஞ்சில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கொண்டுவந்து இதை மீண்டும் நிரப்பினர். கோடையில் பாசி படர்ந்து நாறுவதாகச் சிலர் குறைப்பட்டனர். வெறும் பள்ளமாகக் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்றே நமக்குத் தோன்றியது.

அஸருக்கு முன் வெளியே வந்தோம். தெருவில் தேநீர் குடிக்கையில் அந்தப் பிள்ளை மீண்டும் கேட்டான்: “ஹஜ்ரத், நம்ம பள்ளியில் ஹவ்ளு இருந்ததாமே, வாப்பா சொல்வார். அது எங்கே?” பத்தாண்டுகளுக்கு முன், பாசி பிடிக்கிறது, சுத்தம் செய்ய ஆளில்லை என்று கூறி அதை மூடிக் குழாய்கள் வைத்தபோது கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர். மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் தளத்துக்குக் கீழே இருக்கிறது என்றோம்.