மொன்ட்ரியலில் முடிசூடிய லாஸ்கர்

உலக சதுரங்கப் பட்டத்தை மிக நீண்ட காலம் தன்வசம் வைத்திருந்தவர் ஜெர்மனியின் எமானுவேல் லாஸ்கர். 1894ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி கனடாவின் மொன்ட்ரியல் நகரில் அவர் வென்ற பட்டம் 1921ஆம் ஆண்டு வரை, அதாவது 27 ஆண்டுகள் அவரிடமே இருந்தது.

மூன்று நகரங்களில் ஒரு போட்டி

அப்போது சாம்பியனாக இருந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸுக்கு வயது 58. லாஸ்கருக்கு 25. பத்து ஆட்டங்களில் முதலில் வெல்பவருக்கே பட்டம் என்பது விதி.

நியூயார்க்கில் நடந்த முதல் ஆறு ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமநிலையில் இருந்தனர். அதன் பின்னர் அங்கும் ஃபிலடெல்ஃபியாவிலுமாக லாஸ்கர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றார். இறுதிக் கட்டம் நடைபெற்ற மொன்ட்ரியலில் ஸ்டைனிட்ஸ் மூன்று ஆட்டங்களை வென்று போராடியபோதிலும், 19ஆவது ஆட்டத்துடன் போட்டி முடிவுக்கு வந்தது. லாஸ்கருக்குப் பத்து வெற்றிகள், ஸ்டைனிட்ஸுக்கு ஐந்து. நான்கு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன.

வயது முதிர்ந்த ஒருவரைத்தான் அவர் வென்றார் என்ற விமர்சனம் எழுந்தது. மாஸ்கோவில் 1896-97இல் நடந்த மறுபோட்டியில் இரண்டு ஆட்டங்களை மட்டுமே இழந்து பத்து ஆட்டங்களை வென்றதும், அதன் பின்னர் பெற்ற போட்டி வெற்றிகளும் அதற்குப் பதிலாக அமைந்தன.

எதிராளியை அறிந்த ஆட்டம்

சதுரங்கத்தை இரு மனங்களுக்கு இடையிலான போராட்டமாகவே லாஸ்கர் கருதினார். எதிராளியைக் குழப்புவதற்காக அவர் வேண்டுமென்றே தவறான நகர்வுகளைச் செய்தார் என்று சிலர் கூறியதுண்டு. ஆனால், எதிராளிக்கு எந்த நிலை சங்கடம் தரும் என்பதை அறிந்து ஆடியதே அவரது பலம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து.

1914ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டி இதற்குச் சான்று. அங்கு முன்னிலையில் இருந்த காப்பபிளாங்காவுக்கு எதிராக, ராணிகள் விரைவிலேயே பரிமாறப்படும் அமைதியான தொடக்கத்தை லாஸ்கர் தெரிவு செய்தார். தற்காப்பாக ஆடிய காப்பபிளாங்கா தோற்றார். அரைப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் லாஸ்கருக்குக் கிடைத்தது. அதே காப்பபிளாங்காவிடம்தான் 1921இல் ஹவானாவில் அவர் பட்டத்தை இழந்தார்.

கணிதத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர் லாஸ்கர். 1905இல் அவர் நிறுவிய தேற்றம் இன்றும் இயற்கணிதத்தில் அவர் பெயரால் அறியப்படுகிறது.

ஊதியம் கோரிய சாம்பியன்

1900ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஸ்டைனிட்ஸ் வறுமையில் இறந்தார். அந்த நிலை தனக்கு நேரக் கூடாது என்பதில் லாஸ்கர் உறுதியாக இருந்தார். பட்டப் போட்டிகளுக்குப் பெருந்தொகை கோரினார். 1897 முதல் 1907 வரை பட்டத்துக்காக அவர் ஆடவே இல்லை. இதனால் பேராசைக்காரர் என்ற பழியும் அவர் மீது விழுந்தது.

யூதரான அவர், நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அவரது உடைமைகள் பறிக்கப்பட்டன. வருமானத்துக்காக மீண்டும் ஆடத் தொடங்கிய அவர், 1935இல் தனது 66ஆவது வயதில் மாஸ்கோ போட்டியில் மூன்றாம் இடத்தைப் பெற்றார். 1941 ஜனவரியில் நியூயார்க்கில் காலமானார்.

2024 ஏப்ரலில் கனடாவின் டொரண்டோ நகரில் நடந்த தகுதிப் போட்டியில் வென்ற சென்னையின் டி.குகேஷ், அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தையும் வென்றார். அந்தப் பட்டப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 25 லட்சம் டாலர்கள். மொன்ட்ரியலில் முடிந்த போட்டிக்கு இரு தரப்பும் வைத்த பந்தயம் தலா 2,000 டாலர்கள். ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு உரிய ஊதியம் வேண்டும் என்று லாஸ்கர் கோரியது பேராசையால் மட்டும் அல்ல என்பதை இன்று புரிந்துகொள்ள முடிகிறது.