முகவரி ஓர் அமானிதம்: இணைய முகவரிகளின் கதை



வாட்ஸ்அப்பில் வந்த பழைய இணைப்பொன்றை அழுத்தினால் "404" என்று வருவதைக் கண்டிருப்பீர்கள். பல வேளைகளில் அந்தத் தகவல் அழிந்திருக்காது; முகவரிதான் மாறியிருக்கும். ஏன் இப்படி?

ஆரம்பத்தில் இணைய முகவரி என்பது, சேவையகக் கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடம்தான். 1993இல் சிஜிஐ முறை வந்தபின் செய்நிரல்களும் பக்கங்களை உருவாக்கின. ஆனால் செய்நிரல் கோப்பின் பெயரே முகவரியிலும் இருந்தது. செய்நிரலை வேறு மொழியில் மாற்றி எழுதினால் முகவரியும் மாறியது. பழைய இணைப்புகள் செத்தன.

1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் அப்பாச்சி சேவையகத்துக்காக "மொட் ரீரைட்" என்ற பகுதியை எழுதினார். வெளியே காட்டும் முகவரி ஒன்று, உள்ளே இயங்கும் கோப்பு வேறொன்று என வைத்துக்கொள்ள அது வழி செய்தது. 1998இல், இணையவலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறக்கூடாது என்று ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். கோப்பின் வகை, எழுதியவர் பெயர் போன்ற மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்க்காதீர்கள் என்றார்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் 2003இல் உருவாகி, 2005இல் வெளியானது "ஜாங்கோ" என்ற பைதன் சட்டகம். இதில் முகவரிகளுக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. வரும் முகவரியை மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் வரிக்குரிய செய்நிரலை அது அழைக்கும்.

முன்பு அந்த வரிகளைச் சிக்கலான குறியீடுகளால் எழுத வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 அதை எளிதாக்கியது. "இந்த இடத்தில் ஓர் எண் வரும்" என்று சொன்னாலே போதும். தேவைக்கேற்ப நாமே புதிய வகையும் ஆக்கலாம். உதாரணமாக, பாடசாலைத் தளத்தில் "10-பி" என்பதை வகுப்பாக எடுத்துக்கொள்வோம். எது பொருந்தும், அதைத் தரம் 10, பிரிவு பி என எப்படிப் பிரிப்பது, மீண்டும் எப்படி முகவரியாக்குவது என்ற மூன்றையும் ஒருமுறை எழுதினால் சரி. தரம் 1 முதல் 13 வரைதான் என்று வரையறுத்துவிட்டால், "15-பி" என்று கேட்பவரின் கோரிக்கை அந்தச் செய்நிரலைத் தொடவே தொடாது.

உள்ளே எதை மாற்றினாலும் வெளியே கொடுத்த முகவரியைக் காப்பாற்றலாம் என்பதே இந்த வரலாற்றின் பயன். நமது பாடசாலைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் செய்து தருபவரிடம் வடிவம், நிறம் பற்றிப் பேசுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "ஐந்து வருடம் கழித்தும் இந்த முகவரி திறக்குமா?"

தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பகிருங்கள்.